மிஸஸ் நெட்டில் ஏன் கதவைத் திறக்கிறாள்?

அத்தியாயம் 9

போன வாரம் சென்கா போனை வைத்த வேகம், சனிக்கிழமை வரைக்கும் ரோனாவின் காதை விட்டுப் போகவில்லை.

"உங்கம்மாவோட ரெண்டு பெட்டி மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. அந்த இடத்துல சக்கர நாற்காலி நிறுத்தணும். சனிக்கிழமை வர்றப்ப எடுத்துட்டுப் போயிடு. இல்லேன்னா குப்பைக்குத்தான் போகும்."

அவ்வளவுதான். அண்ணன் மனைவி. முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். இன்னும் இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. பார்த்துக்கொள்ளலாம், கையசைக்கலாம். உள்ளே போகத்தான் முடியாது.

டண்டீ நகரத்தில் பிப்ரவரி மாதத்துக் காலை வெளிச்சத்துக்கு விடிவதில் அப்படி ஒன்றும் அக்கறை கிடையாது. கடலிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் டே நதியையும் ரயில் பாலத்தையும் விழுங்கிவிட்டு, தெருவிளக்குகளை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. ரோனா அண்ணன் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, "லாக்கீ, ஒண்ணு" என்றாள். குரல் கரகரத்தது. அப்போதுதான் நினைவு வந்தது: பல் டாக்டர் கிளினிக்கில் வேலை முடிந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தொண்டை கட்டிக்கிச்சா, ஹென்?" என்றார் டிரைவர். இந்த ஊரில் எந்தப் பெண்ணையும் ஹென் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கணவன் கென்னி அவளை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்திலிருக்கும் பெர்த் நகரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறான். மகள் நியூசிலாந்தில். மிச்சம் இருந்தது அண்ணன் ஸ்ட்ருவன் ஒருவன்தான். வாராவாரம் அவன் வீட்டுக்குப் போனால் அவன் பேசுவான், இவள் கேட்பாள். தச்சு வேலைக்காரன். வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டே மூன்று ஜோக் சொல்லக்கூடிய ஆள்.

செப்டம்பரில் பக்கவாதம் அவன் வலது கையையும் காலையும் முகத்தின் பாதியையும் எடுத்துக்கொண்டது. பேச்சையும்தான். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் எதற்காகவோ விட்டுவைத்தது.

சென்கா வாசலிலேயே கோட்டும் லிப்ஸ்டிக்குமாக நின்றாள்.

"வந்துட்டியா. இங்க பாரு, மாத்திரை குடுத்தாச்சு. டீ ஆற வெச்சுக் குடு. கறி வெச்ச பிரைடி அடுப்புல சூடா இருக்கு, சின்னச் சின்னதா வெட்டிக் குடு, தொண்டையில மாட்டிக்கும். நான் முடி வெட்டிக்கப் போறேன். நாலு மாசமா தலை காக்கா கூடு மாதிரி இருக்கு."

"நிதானமா போயிட்டு வா, சென்கா. நான் பாத்துக்கறேன்."

"பெட்டி ரெண்டையும் வெளிய இழுத்து வெச்சிருக்கேன்."

"பாத்தேன்."

கதவு சாத்தியது. ஸ்ட்ருவனோடு தனியாக இருப்பது செப்டம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்பது ரோனாவுக்கு உறைத்தது. எப்போதும் சென்கா நடுவில் இருப்பாள். தலையணையைத் தட்டுவாள், வாயைத் துடைப்பாள், அவனுக்காக அவளே பேசுவாள். அது ரோனாவுக்கு எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அந்தச் சத்தம் இல்லாத கூடத்துக்குள் நுழையவே கால் தயங்கியது.

ஸ்ட்ருவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா இருக்க?"

"செவ்வாய்க்கிழமை," என்றான்.

அதுதான் அந்த வார்த்தை. பசித்தாலும் செவ்வாய்க்கிழமை. வலித்தாலும் செவ்வாய்க்கிழமை. உள்ளே அவனுக்கு எல்லாம் புரிகிறது, சொல்ல வருவது வேறு, வாயில் வருவது இது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் அவன் அந்த வார்த்தையைத் துப்பிவிட்டு மேஜையைக் குத்துவான். இப்போது குத்துவதில்லை. அதுதான் ரோனாவுக்குப் பயமாக இருந்தது.

டீ கொடுத்தாள். பிரைடியை வெட்டிக் கொடுத்தாள். டிவியைப் போட்டாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அணைத்தாள். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, பனிதான். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரம் மட்டும் தன் பாட்டுக்குப் பேசியது.

"சரி, நான் அந்தப் பெட்டியைப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். உண்மையில் தப்பித்துப் போனாள்.

முதல் பெட்டியில் அம்மாவின் பழைய திரைச்சீலைகள். இரண்டாவதில் மேலாகப் போர்வை. போர்வைக்கு அடியில், சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு. ரோனா இழுத்ததும் இற்றுப்போன கயிறு அறுந்தது.

'ஜிங்கர்.'

இதே ஊரில் அச்சாகி வாராவாரம் வந்த சிரிப்புப் படக்கதைப் பத்திரிகை. அது நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் கதவுத் துளை வழியாக அது வந்து விழுந்ததும் ஸ்ட்ருவன் பாய்ந்து எடுப்பான். ரோனாவுக்கு அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரலில் வாசிப்பான். போலீஸ்காரருக்கு வயிற்றிலிருந்து ஒரு குரல். ஹெட்மாஸ்டருக்கு மூக்கிலிருந்து ஒரு குரல்.

கூடத்துக்கு வெளியே நடையில், தரையில் உட்கார்ந்தபடியே ஒன்றைப் பிரித்தாள்.

'அடங்காத ஆகி' என்ற சுட்டிப் பெண்ணின் கதை. குளிக்கிற நாளிலிருந்து தப்பிக்க ஆகி தன் நாயின் மேல் சிவப்பு மையால் புள்ளி வைக்கிறாள். டாக்டர் வந்து பார்க்கிறார். தொற்றுநோய்! தெருவையே பூட்டு! யாரும் வெளியே போகக்கூடாது! ஆகி குதியாட்டம் போடுகிறாள். கடைசிக் கட்டத்தில் அவள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் யார் என்று பார்த்தால், பள்ளிக்கூடச் சம்பளப் பாக்கி கேட்க வந்த ஹெட்மாஸ்டர். "ஒரு வாரம் இங்கேதான். நல்லது, வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பிப்போம்." நாய் தானாகவே போய்த் தொட்டியில் இறங்கிக் குளிக்கிறது.

ரோனாவுக்குச் சிரிப்பு வந்தது. லேசாக இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, மூக்கு வழியாகவும் வந்து, நடை முழுக்க எதிரொலித்தது. அவளே அரண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். யாருடைய சத்தம் இது? கென்னி போனதிலிருந்து இந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. சிரித்த கையோடு, பக்கத்தில் யாருக்குக் காட்டலாம் என்று தலை தானாகத் திரும்பியது. சுவர்தான் இருந்தது.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"செவ்வாய்க்கிழமை?"

கடைசியில் ஒரு ஏற்றம். கேள்வி. இந்த ஐந்து மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி.

ரோனா கட்டை அப்படியே அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"டேய், இது என்னன்னு சொல்லு பாப்போம்!"

அட்டையைப் பார்த்தான். இடது கை எழுந்தது. தச்சனுடைய கை, காகிதத்தைத் தடவும்போதுகூட மரத்தின் ரேகையைப் பார்ப்பது போலத் தடவியது. நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் படிக்கறேன். குரல் சரியா வரலேன்னா திட்டக்கூடாது."

கான்ஸ்டபிள் போரிட்ஜ், திருடனைத் துரத்திப்போய்க் குப்பைத் தொட்டிக்குள் தலைகீழாக விழுகிறார். டமார்! வெளியே வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வருகிறார். போரிட்ஜ் தொட்டிக்குள்ளிருந்து காலால் சல்யூட் அடிக்கிறார். ரோனா வயிற்றிலிருந்து குரல் எடுத்து, "உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஐயா!" என்றாள்.

ஸ்ட்ருவனின் தோள் குலுங்கியது. மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம். பயந்து நிமிர்ந்தாள். மூச்சுத் திணறல் இல்லை. சிரிக்கிறான். பாதி வாயால் சிரிக்கிறான்.

அடுத்தது, அதற்கடுத்தது என்று படித்துக்கொண்டே போனாள். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வந்தார்கள். 'மணியடி, ஓடிப்போ'. இரண்டு பையன்கள். ஒவ்வொரு வாரமும் மிஸஸ் நெட்டிலின் வீட்டு மணியை அடித்துவிட்டு வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அவள் திறப்பாள். தலையில் தண்ணீர் கொட்டும், அல்லது மாவு, அல்லது ஒரு வாளி தவளை. நெட்டில் என்றால் தொட்டால் அரிக்கிற காஞ்சொறிச் செடி. பெயருக்கேற்ற முகம். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் இதுதான் உயிர்.

ரோனா ஒரு வாரத்துக் கதையைப் படித்தாள். இன்னொன்று. மூன்றாவதில் குரல் நின்றுபோனது.

"டேய். இங்க பாரேன்."

விரலை வைத்தாள். திறந்த கதவுக்குப் பின்னால், உள்ளே, பொடிசாக ஒரு மேஜை வரைந்திருந்தது. மேஜை மேல் இரண்டு கப்.

முந்தின இதழைப் பிரித்தாள். அதிலும் இரண்டு கப். அதற்கு முந்தினதிலும். எல்லா வாரமும், தவளை விழுகிற வாரத்திலும், மேஜை மேல் இரண்டு கப்.

"பசங்கதான்னு அவளுக்குத் தெரியாதா? வாராவாரம் அடிக்கறானுங்க. தெரியும்டா. தெரிஞ்சும் ஏன் வந்து திறக்கறா?"

ஸ்ட்ருவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருவேளை ஒரு வாரமாவது வேற யாராவது வந்திருப்பாங்களோன்னுதானே?" ரோனா சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. "நாம எப்படிச் சிரிச்சோம் இவளைப் பாத்து. எனக்கும் இப்ப பழக்கம் விடலைடா. தண்ணி கொதிச்சதும் ரெண்டு கப் எடுத்துடறேன். அப்புறம் ஒண்ணைத் திருப்பி உள்ள வெக்கறேன். தினமும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"செவ்வாய்க்கிழமை," என்றான் அவன். மிக மெதுவாக. அந்த வார்த்தைக்குள் என்ன வைத்துக் கொடுத்தானோ, அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கொடுத்தான்.

பிறகு கண்ணை உருட்டினான். உதட்டைக் குவித்தான். மூக்கைச் சுருக்கி, தண்ணீர் கொட்டின மிஸஸ் நெட்டிலின் முகத்தை அப்படியே செய்து காட்டினான். பாதி முகம் அசையாததால் அது அசலைவிடக் கோரமாக வந்தது. ரோனா ஒரு வினாடி திகைத்தாள். பிறகு இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கண்ணில் நீர் வழிய, மூச்சு விட முடியாமல் சிரித்தார்கள்.

வாசலில் சென்கா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"என்ன நடக்குது இங்க?"

"சென்கா! இவன் சிரிக்கறான், பாரு! கேள்விகூடக் கேட்டான்! பழைய ஜிங்கர் அந்தப் பெட்டியில..."

சென்கா சமையலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது.

ரோனா பின்னால் போனாள். சென்கா கோட்டைக்கூடக் கழற்றாமல், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

"செப்டம்பர்லேர்ந்து," என்றாள். "குளிப்பாட்டறேன். ஊட்டறேன். ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வெக்கறேன். பாட்டுப் போட்டேன். கல்யாண போட்டோ காட்டினேன். ஒரு தடவை சிரிச்சானா எங்கிட்ட? நீ ஒரு மத்தியானம் வந்து உக்காந்த."

"சென்கா, அது..."

"எங்க வீட்ல படக்கதை உள்ள வரக்கூடாது. பைபிளைத் தவிர எதுவும் கூடாது. அப்பா கையில மாட்டினா நெருப்புல போட்டுடுவாரு. நீங்க ரெண்டு பேரும் எதுக்குச் சிரிக்கறீங்கன்னு எனக்கு அன்னிக்கும் புரிஞ்சதில்ல, இன்னிக்கும் புரியல. கல்யாணமான புதுசுலேர்ந்து நான் இப்படிச் சமையக்கட்டுலதான் நின்னிருக்கேன்."

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் தான் மட்டும் நிற்பதாகத்தான் ரோனா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. சென்காவின் தலைமுடி காலையில் இருந்தது போலவே இருந்தது.

"நீ முடி வெட்டிக்கலையே."

சென்கா குழாயை மூடினாள்.

"என் தங்கச்சி இன்வர்னெஸ்லேர்ந்து வந்திருந்தா. ஸ்டேஷன் பக்கத்துல டீக்கடையில உக்காந்து பேசினோம். அவ வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் காலியா இருக்கு. படி கிடையாது. அவளும் கை குடுப்பா. என்னால தனியா முடியல, ரோனா. மே மாசம் போறோம்."

இன்வர்னெஸ். மலைகளைத் தாண்டி, ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அவளுடைய சனிக்கிழமை பஸ் போகாத ஊர்.

"அவனைக் கேட்டியா?" ரோனாவின் குரல் உயர்ந்தது.

"கேக்கறதா? எதைக் கேட்டாலும் செவ்வாய்க்கிழமைங்கறான்! என்னத்தைக் கேக்க?"

"இன்னிக்குக் கேளு. இன்னிக்கு அவன் வேற மாதிரி இருக்கான். வா."

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். ஸ்ட்ருவன் சண்டையை முழுக்கக் கேட்டிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. தங்கையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். சென்கா வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்த இதழை இடது கையால் எடுத்து நீட்டினான்.

ரோனா வாங்கக் கை நீட்டினாள். அவன் கை அவளைத் தாண்டிப் போனது.

சென்காவிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு இதெல்லாம் படிக்க வராதுடா," என்றாள் சென்கா.

"செவ்வாய்க்கிழமை," என்றான். கெஞ்சினான்.

சென்கா கோட்டோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சாவு அறிவிப்பைப் படிக்கிற குரலில் படிக்க ஆரம்பித்தாள். "கான்ஸ்டபிள் போரிட்ஜ். தொட்டிக்குள் விழுகிறார். டமார். அடைப்புக்குறி... இது என்ன நட்சத்திரம், சுழி, மண்டை ஓடெல்லாம் போட்டிருக்கு?"

"அது கெட்ட வார்த்தை, சென்கா. சின்னப் பசங்க பத்திரிகைல அப்படித்தான் போடுவாங்க," என்றாள் ரோனா.

"நட்சத்திரம், சுழி, மண்டை ஓடு, என்கிறார் கான்ஸ்டபிள்," என்று சென்கா நிதானமாக வாசித்தாள்.

ஸ்ட்ருவன் வெடித்தான். ரோனாவிடம் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்பது போல, தலையைப் பின்னால் சாய்த்து, நாற்காலியே ஆடச் சிரித்தான். சென்கா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது. "இதுக்கா சிரிக்கற? லூசு," என்றாள். குரல் உடைந்திருந்தது. பக்கத்தைத் திருப்பினாள்.

ரோனா கோட்டை எடுத்துக்கொண்டாள். பெட்டிகளைத் தொடவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே இருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும், படியில் இரண்டு வினாடி நின்றுதான் இறங்கினாள்.

சந்தோஷப்பட வேண்டிய நாள்தானே என்று பஸ் நிறுத்தத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் சிரித்தான். அது போதாதா? போதும்தான். ஆனால் மே மாசத்துக்குப் பிறகு சனிக்கிழமை என்று ஒரு கிழமை எதற்காக வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் வர நெடுநேரமானது. பனி கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. பஸ்ஸின் விளக்கு தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது.

"ரோனா! ரோனா, நில்லு!"

பனிக்குள்ளிருந்து சென்கா ஓடி வந்தாள். வீட்டுச் செருப்போடு. கையில் ஒரு ஜிங்கர்.

"இதுதான் கடைசி. பெட்டியோட அடி வரைக்கும் பாத்துட்டேன், இதுக்கப்புறம் இல்ல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பசங்க மணியடிக்கறானுங்க. அந்தப் பொம்பள வரலை. திருப்பி அடிக்கறானுங்க. கதவே திறக்கல. மிஸஸ் நெட்டில் எங்கே? அடுத்த வாரம் பார்க்கவும்னு போட்டு முடிச்சுட்டான். ஸ்ட்ருவன் மேஜையைக் குத்தறான், ரோனா. அடுத்தது வேணுமாம். எனக்கும்..." நிறுத்தினாள். "அவளுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் ரோனா. அது உண்மை. பிறகு சொன்னாள்: "அந்த இதழ் என் வீட்ல இருக்கு. அலமாரியில."

"நிஜமாவா?"

"நிஜமா. அடுத்த சனிக்கிழமை கொண்டு வரேன்."

சென்கா தலையைக் குனிந்தாள். "அடுத்த சனிக்கிழமை அவனை இன்வர்னெஸ் கூட்டிட்டுப் போய் அந்த ரூமைக் காட்டறதா இருந்தேன்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"ஞாயித்துக்கிழமை போய்க்கறோம்," என்றாள் சென்கா. "நீ வந்துடு. சாப்பாடு எங்க வீட்லதான்."

ரோனா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செருப்புக் காலோடு பனிக்குள் திரும்பி ஓடுகிற சென்காவைப் பார்த்துக் கையசைத்தாள். பஸ் நகர்ந்து, முதல் திருப்பம் திரும்பிய பிறகுதான் அசைத்த கையை இறக்கினாள்.

அவள் வீட்டு அலமாரியில் கம்பளிச் சட்டைகள்தான் இருந்தன. அந்த இதழ் அவளிடம் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை.